சும்மா விளையாடத்தானே!

போன சனிக்கிழமை பின்னேரமும் நாங்கள் ஒன்றும் விளையாடவில்லை. வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கும் என் ஃபிளட்டில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர். நாலு கதிரை, நாலு பிளேன்டீ, நாலு ஃபோன். நாலு ஃபோனிலும் நாலு வெள்ளைக்காரப் பெடியன்கள், நாலு வேறு விளையாட்டைப் பற்றி, இதைவிடச் சுகமாகப் பழகக்கூடியது உலகத்திலேயே இல்லை என்று ஒரே நேரத்தில் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எட்டரைக்கு ஒருவன் கொத்து எடுப்போமா என்றான். கொத்து வந்தது. கொத்துச் சாப்பிட மேசை வேண்டியிருந்தது. அத்தோடு சரி.

எரிச்சல் இன்னும் ஆறவில்லை. உங்கள் கூட்டத்திலும் இதே கூத்துத்தான் நடக்கிறது என்று தெரியும். ஆகவே விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. எந்தக் காட்ஸ் விளையாட்டை வாங்குவது என்பதில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆட்கள். ஒருவன் கணக்காளன், வெள்ளவத்தையில் கல்லெறிந்தால் ஒரு சீமா மாணவன் மேலேதான் படும், இவன் பட்டவன். இன்னொருவர் சட்டத்தரணி. மூன்றாமவன் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் கிளியரிங் வேலை, புனித லூசியாள் பேராலயத்து மணி கேட்கிற தூரத்தில் வீடு. ஒவ்வொரு முறையும் அவன்தான் பிந்தி வருவான். வந்து, சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, "நம்ம பக்கம் ஒருநாள் வாங்களேன்டா, ஆப்பம் வாங்கித் தாறேன்" என்பான். நாங்கள் மூவரும் வீதிநெரிசலைப் பற்றிக் கவலையோடு பேசத் தொடங்குவோம். காலி வீதியைத் தாண்டிப் போவது வெளிநாட்டுப் பயணம் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

நாங்கள் இப்படிக் கூடத் தொடங்கியது 2022இல். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வேறு என்ன செய்வது? மெழுகுதிரி வெளிச்சத்தில் 304 அடித்தோம். ஒரு கட்டுக் காட்ஸ் போதும். அதிலும் இருபது வேண்டாம். இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் எடுத்து ஒதுக்கிவிட்டால் மிச்சம் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்குப் பத்து, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. இதுதான் முழு விளக்கமும். ராசாவையும் ராணியையும் ஒன்பதுக்குக் கீழே உட்காரவைத்த விளையாட்டு. ஒல்லாந்தர் விளையாடும் கிளாவர்யாஸ், மலையாளிகளின் இருபத்தெட்டு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர். அதே 32 காட்ஸை வைத்துத்தான் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியன்கள் ஓமி அடிக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது என்று சொல்லி நாடு முழுக்க இருண்டதே, அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விளையாடியதுபோல் அதற்கு முன்னும் விளையாடவில்லை, பின்னும் விளையாடவில்லை. அந்தக் குரங்குக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிறகு ஏன் 304ஐ விட்டோம்? பார்ட்னரால். 304இல் எதிரிகளோடு சண்டை வருவதில்லை. எதிரே இருக்கிற பார்ட்னரோடுதான் வரும். "அந்த ஒன்பதை ஏன் மச்சான் அப்ப இறக்கினனீ?" என்று கணக்காளன் கேட்பான். 'அப்ப' என்பது போன கைக்கு முந்தின கை இல்லை. போன வருசம். 160க்குக் கேட்டுத் துரும்பை மூடி வைத்தவனுக்கு நான் செய்த துரோகத்தை, ஆண்டு முடிவுக் கணக்கில் வராத கடன்போல, அவன் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறான். ஊரில் செத்தவீட்டுப் பந்தலிலேயே விடிய விடிய 304 அடித்த பரம்பரை நாங்கள். பெட்டி மூடியதைவிடத் துரும்பு மூடியதைப் பற்றிய வழக்குத்தான் எட்டுச் செலவு வரைக்கும் போகும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் 304 போட்டி வைக்கிறார்கள். எத்தனை சங்கம் அதனாலேயே இரண்டாக உடைந்திருக்கும் என்று யாராவது ஆராய வேண்டும்.

ஆகவே, பார்ட்னர் இல்லாத, அவரவர் பாவம் அவரவர் தலையில் விழுகிற ஒரு விளையாட்டு வேண்டும் என்று தீர்மானித்தோம். அந்த நேரம் பார்த்துச் சட்டத்தரணியின் மருமகன் ஸ்காபரோவிலிருந்து ஆடிவேல் பார்க்க வந்து சேர்ந்தான். பதினொரு வயது. பெட்டி நிறையப் பொக்கிமொன் காட்ஸ்.

அறுபது காட்ஸ் கொண்ட கட்டு. ஆறு காட்ஸைப் பரிசு என்று தனியே கவிழ்த்து வைக்க வேண்டும். எதிராளியின் பிராணி ஒன்று மயங்கி விழுந்தால் நீ ஒரு பரிசை எடுக்கலாம். பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. மேல்நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை பண்ணுகிற மனிசனை அந்தப் பெடியன் கால் மணித்தியாலத்தில் சுருட்டி ஓரத்தில் வைத்தான். "மாமா, யூ ஹவ் நோ எனர்ஜி" என்றான். அது விளையாட்டைப் பற்றிய தகவல்தான். சட்டத்தரணி வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

பொக்கிமொன் 1996இல் ஜப்பானில் காட்ஸாக வந்தது. அதே வருசம் இங்கே நாங்கள் லாகூரில் வென்ற உலகக் கிண்ணத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். எங்கள் கண்ணில் பொக்கிமொன் படவில்லை. எங்களிடம் இருந்தது மல்யுத்தக்காரர் படம் போட்ட ட்ரம்ப் காட்ஸ். உயரம், நிறை, நெஞ்சளவு, வென்ற சண்டை. ஜயன்ட் கொன்சாலஸ் எட்டடி. யோகோசூனா 500 இறாத்தலுக்கு மேலே. கையில் கொன்சாலஸ் இருந்தால் "உயரம்" என்று கத்த வேண்டும், எதிராளி காட்ஸைத் தர வேண்டும், தராவிட்டால் அடிக்க வேண்டும். விதிப்புத்தகம் இவ்வளவுதான். இப்போது நிலைமை என்னவென்றால், 2021இல் லோகன் போல் என்கிற அமெரிக்கப் பெடியன் 52 லட்சத்து 75 ஆயிரம் டொலர் பெறுமதிக்கு ஒற்றைப் பிக்காச்சுக் காட்ஸ் ஒன்றை வாங்கி, அடுத்த வருசம் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மல்யுத்த மேடைக்கு வந்தான். எங்கள் காலத்தில் மல்யுத்தக்காரன் காட்ஸில் இருந்தான். இப்போது காட்ஸ் மல்யுத்தக்காரன் கழுத்தில் இருக்கிறது.

சட்டத்தரணி பொக்கிமொனை உடனே நிராகரித்தார். சிறுபிள்ளை விளையாட்டாம். பெரியவர்களுக்குரியது மெஜிக் என்றார்.

மெஜிக் த கெதரிங் பற்றி ஒரு விசயம் எனக்குப் பிடிக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணித ஆராய்ச்சி மாணவர் தன் விளையாட்டொன்றைத் தூக்கிக்கொண்டு விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனத்து பீட்டர் அட்கிசனிடம் போனார். அட்கிசன், அதைவிட, விளையாட்டு மாநாடுகளில் இடைவேளை நேரத்தைப் போக்காட்டக் கையில் கொண்டு திரியக்கூடியதாய்ச் சின்னதாக ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டார். 1993இல் அது வெளியே வந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் சும்மா விளையாடவென்றே பிறந்தது! இன்றைக்கு அதன் முழு விதிக்கோவை கிட்டத்தட்ட முன்னூறு பக்கம். 2019இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து, இந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு கணினியைக் கட்டலாம், யார் வெல்வார் என்று எந்த வழிமுறையாலும் கணித்துச் சொல்ல முடியாத ஆட்டங்களை இதில் அமைக்கலாம் என்று நிறுவிவிட்டார்கள். இடைவேளைக்கு விளையாட!

சட்டத்தரணிக்கோ அமிர்தம். பெரிய மிருகம் ஒன்று சின்ன மிருகத்தை மிதித்துக்கொண்டு போனால் மிச்ச அடி யாருக்கு என்று நான் கேட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "விதி 702.19ஐப் பார்க்கவும்" என்றார். பிறகு உப பிரிவுகளுக்குப் போனார். நான் எழுந்து போய்ப் பிளேன்டீக்குத் தண்ணி வைத்தேன். திரும்பி வந்தபோது விதிவிலக்குகளில் நின்றார்.

"விளையாடிப் பாத்தா விளங்கும்" என்பார்கள். இந்த வசனத்தைச் சொல்கிறவர்களைத் தனியாக ஒரு தீவில் விட வேண்டும். விளங்கினால்தானே ஐயா விளையாடலாம்?

நாலு பேர் சேர்ந்து சும்மா விளையாடுவதற்கென்று மெஜிக்கில் ஒரு வகை உண்டு: கொமாண்டர். ஆளுக்கு நூறு காட்ஸ். அடிப்படை நிலக் காட்ஸைத் தவிர ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. ஆளுக்கு நாற்பது உயிர். வேடிக்கை அது இல்லை. யார் எவ்வளவு சும்மா விளையாடுகிறார்கள் என்பதில் உலகம் முழுக்கத் தகராறு வந்து, 2025 பெப்ரவரியில் அதற்கு ஐந்து படித்தரம் வகுத்து அறிவித்தார்கள். ஒன்றாம் தரம் முழுச் சும்மா. இரண்டு, மூன்று கொஞ்சம் கொஞ்சமாய்ச் சும்மா குறையும். ஐந்தில் சும்மா என்பதே கிடையாது. உட்காரும் முன் நீங்கள் எத்தனையாம் தரத்துச் சும்மா என்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் பேச்சிலே கூட இவ்வளவு இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூகியோ: ஒரு காட்ஸில் அச்சடித்திருக்கிற எழுத்தைப் படிக்க என் வயதுக்குக் கண்ணாடி போதாது, பூதக்கண்ணாடி வேண்டும். வன் பீஸ்: 2022இல் வந்தது, ஐம்பது காட்ஸ், ஒரு தலைவர், பத்து "டொன்". விளையாட்டு நல்லது என்கிறார்கள், ஆனால் கதை தெரியாமல் ருசிக்காதாம்; கார்ட்டூனோ ஆயிரம் அத்தியாயத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வூதியம் எடுத்த பிறகு பார்க்கலாம். லொர்கானா: 2023இல் வந்த டிஸ்னி விளையாட்டு, உண்மையிலேயே இலகு, இருபது புள்ளி எடுத்தவர் வென்றார். ஆனால் மீசை வைத்த நாலு ஆம்பிளைகள் "நான் எல்சாவைப் பாட விடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மாமியார் உள்ளே வந்தார். அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

எந்த விளையாட்டு என்று முடிவு சொல்வதற்கு முன், உறை விசயத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன்.

இந்தக் காட்ஸ் எதையும் வெறுங்கையால் தொடக் கூடாதாம். ஒவ்வொரு காட்ஸுக்கும் தனித்தனியே ஒரு பிளாஸ்டிக் உறை போட வேண்டும். அதற்கு உள்ளே இன்னும் மெல்லிதான உள்ளுறை ஒன்று உண்டு. அக்கறை உள்ளவர்கள் அதை முதலில் போட்டு, பிறகு வெளியுறையைப் போடுகிறார்கள், வாய் மாறி வரும்படியாக. நல்ல காட்ஸ் என்றால் அதற்குக் கெட்டியான கூடு. அதைவிட நல்லது என்றால் காந்தம் வைத்து மூடுகிற பெட்டி. எல்லாவற்றையும் வைக்க ஒன்பது பை போட்ட பைண்டர். பைண்டருக்கு சிப் வைத்த உறை. இன்னும் பெறுமதி என்றால் அமெரிக்காவுக்கு அனுப்பி, பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவித்து, இனி ஒருவனும் திறக்க முடியாதபடி பிளாஸ்டிக் பாளத்துக்குள் சீல் வைத்து வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு அதை வைத்து விளையாட முடியாது. விளையாட வாங்கிய காட்ஸின் மோட்சம் அதுதான்.

இதை ஒரு புது நாகரிகம் மாதிரி அந்த வெள்ளைக்காரப் பெடியன் எனக்கு விளக்குகிறான். எனக்கு! என் வீட்டு ரி.வி. ரிமோட் வாங்கின நாளிலிருந்து பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது; அதன் பொத்தான்களின் உண்மை நிறம் எனக்குத் தெரியாது. பிரிட்ஜின் தலையில் பின்னல் துணி, கைபிடிக்குத் தனித் துணி. மிக்ஸிக்குத் தைத்த உறை. காஸ் சிலிண்டருக்குப் பூப் போட்ட பாவாடை. சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு விரிப்பு, விருந்தாட்கள் வந்தால் விரிப்பை மட்டும் எடுப்போம், அதுவும் ஆளைப் பார்த்து. மெத்தையின் பொலித்தீனைக் கழற்றாமல் படுத்து, புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கேட்க வளர்ந்தவன் நான். புதுக் கார் வாங்கினவர் சீட்டின் பொலித்தீனோடு வருசக் கணக்காக ஓடி, கடைசியில் விற்கும்போது கழற்றிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் முதன்முதலாக இருந்தவர் வாங்கினவர்தான்.

பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு பிரவுன் பேப்பர், அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் பெயர் ஒட்டு, அந்த ஒட்டுக்கு மேல் செலோட்டேப். பிறப்புச் சான்றிதழை லமினேட் பண்ணி, தூதரகத்துக்குக் கொண்டுபோய், லமினேட் பண்ணினதை ஏற்க மாட்டோம் என்று அவர்கள் சொல்ல, புதிதாக ஒன்று எடுத்து, அதையும் வீட்டுக்கு வந்து லமினேட் பண்ணுகிற குடும்பம் நாங்கள். சூட்கேசுக்கு உறை, உறை கிழியாமல் இருக்கக் கட்டுநாயக்காவில் பிளாஸ்டிக் தாளால் சுற்றல். கல்யாண அல்பம் பெட்டிக்குள், பெட்டி பைக்குள், பை அலுமாரிக்குள், அலுமாரித் திறப்பு இன்னொரு அலுமாரிக்குள். கண்ணாடி அலுமாரியில் சீதனமாக வந்த தேநீர்க் கோப்பைகள். அவற்றில் யாரும் தேநீர் குடித்து நான் கண்டதில்லை. ஜனாதிபதி வந்தால் எடுக்கலாம் என்று அம்மா சொன்னார். எத்தனையோ பேர் ஜனாதிபதியாக வந்து போய்விட்டார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு உறை போடுவது எப்படி என்று யூரியூப்பில் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது! எங்கள் அம்மாமாருக்கு இந்த வியாபாரம் தெரிந்திருந்தால் இன்றைக்கு அந்த அமெரிக்கச் சீல் கொம்பனி வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னாலேதான் நடந்துகொண்டிருக்கும். பத்துக்குப் பத்துப் புள்ளி ஒருவனுக்கும் கிடைத்திராது, அது வேறு விசயம். "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் முயற்சி எடுத்திருக்கலாம்" என்று எல்லாவற்றுக்கும் ஏழு போட்டிருப்பார்கள்.

உறையின் விலையைக் கணக்காளன் கூட்டிப் பார்த்தான். எங்கள் திட்டத்தில் உறைச் செலவு காட்ஸ் செலவைத் தாண்டிவிட்டது. அவன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக உணர்ச்சி கண்டேன்.

இனி வாங்குவது. கொட்டாஞ்சேனைக்காரனிடம் கேட்டால் வேறு உலகம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் இது என்ன சாமான் என்று முதலில் தீர்மானிக்க வேண்டுமாம். விளையாடுகிற காட்ஸ் என்றால் சுங்கக் குறியீடு 9504.40. அச்சடித்த படம் என்றால் 4911.91. "நீ விளையாடுறியா, படம் பாக்கிறியா?" என்று அவன் கேட்டான். அதுவரை எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் அதுதான் உருப்படியானது. நாங்கள் படம் பார்க்கிறவர்கள் என்பதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

நானும் துணிந்து கொஞ்சம் வரவழைத்தேன். பொதியைக் கொண்டுவந்து தருகிற நிறுவனம் ஒன்று, பெயர் வேண்டாம், சாமானின் விலையைவிடப் பெரிய தொகை ஒன்றைக் கையாளும் கட்டணம் என்று போட்டு அனுப்பியது. எதைக் கையாண்டீர்கள் என்று ஃபோன் எடுத்துக் கேட்டேன். பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டு.

கடைசி வழி, அச்சடிப்பது. சொந்தப் பாவனைக்குக் காட்ஸைப் பிரிண்ட் எடுத்து விளையாடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். புரொக்ஸி என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். கணக்காளன் ஒரு கட்டுக்குரிய நூறு படத்தையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கொமியூனிகேஷனுக்குப் போனான். அங்கே இருந்த தம்பி முதல் பக்கத்தைப் பார்த்து, நெருப்புக் கக்கும் பிசாசைக் கண்டு, "அண்ணை, இது கோயில் நோட்டீசா?" என்று கேட்டிருக்கிறான். இல்லையென்று சொன்னதும், "லமினேட் பண்ணவா?" என்று அடுத்த கேள்வி. கணக்காளன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரத்தத்தில் ஊறினது.

நூறு காட்ஸும் லமினேட் ஆகி வந்தன. அடுக்கினால் ஒரு செங்கல் உயரம். கலைக்க முடியாது, இரண்டு கையாலும் பிடித்தால் நடுவில் இருக்கிறவை வழுக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போகும், மூலைகள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் குத்தும். சட்டத்தரணிக்கு இரத்தமே வந்தது. ஆனால் கடற்காற்றுக்கு ஒன்றும் பறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதெல்லாம் பகிடி. எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். இந்த விளையாட்டுகளையெல்லாம் பெரும்பாலும் மூடின பக்கற்றில்தான் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசைக் கொடுக்க வேண்டும். பொக்கிமொன் என்றால் ஒரு பக்கற்றில் பத்துக் காட்ஸ், அதில் ஒன்பது ஏற்கெனவே வைத்திருப்பது. ஒரு பெட்டிக்கு அப்படி 36 பக்கற். நல்ல காட்ஸ் வேண்டுமானால் இன்னும் வாங்கு, இன்னும் வாங்கு. கூடச் செலவழித்தவனின் கட்டு பலமான கட்டு. எதிரே இருக்கிறவனின் சம்பளத்தோடு நான் ஏன் விளையாட வேண்டும்? 2023இல் மெஜிக்காரர் உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக ஒரு மோதிரக் காட்ஸை அச்சடித்து, ஏதோ ஒரு பக்கற்றுக்குள் ஒளித்துவைத்து விற்றார்கள். போஸ்ட் மலோன் என்கிற பாடகர் அதை வாங்கினார், சொன்ன விலை இருபது லட்சம் டொலர். அந்தக் காட்ஸ் அகப்பட்டவன் அதிர்ஷ்டசாலி, சரி. அதே நம்பிக்கையில் மிச்சப் பக்கற்றையெல்லாம் கிழித்தவர்கள் யாரைப்போல என்றால், எங்கள் சந்தியில் லொத்தர்ச் சீட்டைச் சுரண்டிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக் கீழே போடுகிறவர்களைப்போல.

304இல் நீ கோடீஸ்வரனாக இருந்தாலும் உனக்கு எட்டுக் காட்ஸ்தான், எனக்கும் எட்டுக் காட்ஸ்தான். கடைக்குப் போய் இன்னொரு ஜாக் வாங்கிக்கொண்டு வர முடியாது.

சட்டத்தரணியிடம் இதைச் சொன்னேன். உங்களுக்குத் தோற்கிற பயம் என்றார். இருக்கலாம். சிறுபிள்ளையிடம் தோற்றவர் சொல்கிறார்.

இதற்கிடையில் கணக்காளன் எங்களைக் கைவிட்டான். பொக்கிமொன் விளையாட்டு 2024 ஒக்டோபரிலிருந்து ஃபோனிலேயே இருக்கிறதாம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கற் இலவசமாகத் திறக்கலாமாம். இலவசம் என்ற சொல் அவன் காதில் விழுந்தபோதே எங்கள் சங்கம் கலைந்துவிட்டது. காலையில் ஒன்று, இரவு ஒன்று, மருந்துக் குளிசைபோலத் திறக்கிறான். யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்டேன். "ஆரோ" என்றான். ஒன்பதை ஏன் இறக்கினாய் என்று அந்த ஆரோவிடம் கேட்க முடியாது. அதுவே அவனுக்குத் தண்டனை.

எந்த விளையாட்டு வாங்கலாம் என்று சொல்வதாகச் சொன்னேன். சட்டத்தரணி இன்னும் விதிகளை முடிக்கவில்லை, முடித்ததும் எழுதுகிறேன்.

அது வரைக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நானும் சட்டத்தரணியும் கொட்டாஞ்சேனைக்குப் போகிறோம், ஆப்பம் நிச்சயம். நாலாவது கைக்கு ஒருவர் தேவை. 304 தெரிந்திருக்க வேண்டும்; ஞாபகசக்தி குறைவாக இருந்தால் விசேடம். காட்ஸ் எங்களிடம் இருக்கிறது, உறை இல்லை. கணக்காளர்கள் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம்.